இலையின் நிறம் பார்க்க

கவாலாத் துறைமுகத்துக்கு மேல்தெருவில்
நாலு மாடிப் புகையிலைக் கிடங்கு.
எனக்குக் கொடுத்த வேலை:
மேசைக்கு இரண்டாக
நூற்று எண்பத்தாறு பிளக் பாயிண்ட்.

சுவர் முக்கால் மீட்டர் கல்.
ட்ரில் நுழைந்தால் பழுப்புத் தூள் கொட்டுகிறது,
கல்லா இலையா தெரியவில்லை.
உதவிக்கு வந்த பிளெரிம்
சிகரெட்டை விட்டு ஆறு மாதமாம்.
"அண்ணே, இது அநியாயம்" என்று தும்முகிறான்.

தூண்களை மணலடித்து வெளுக்கக் கூடாதென்று
கட்டடக் கலைஞர் எவான்தியாவுக்கும்
முதலாளி ஸ்டெர்ஜியூவுக்கும் இரண்டு வாரம் சண்டை.
தூணில் இருப்பது சிற்பமொன்றுமில்லை.
பென்சில் கோடுகள், ஐந்தைந்தாய்க் கட்டிய கணக்கு.
ஓரிடத்தில்
"டெஸ்பினாவுக்கு அரைநாள் கூலி பாக்கி."
கண்ணாடி போட்டு மூடி, விளக்கும் வைக்கலாம்
என்று கடைசியில் இறங்கிவந்தார்.
விளக்குக்கு வயர் இழுத்தவன் நான்.
பாக்கி அப்படியே இருக்கிறது.

ஜன்னல்களைப் பற்றியும் எவான்தியாதான் சொன்னாள்.
அத்தனையும் வடக்குப் பார்த்தவை.
வெயில் நேரே விழுந்தால் இலை பொய் சொல்லும்,
பொன்னும் தேனும் ஒரே நிறமாகிவிடும்.
தரையில் வரிசையாய் அமர்ந்தவர்கள்
நிழலில்லா வெளிச்சத்தில் தரம் பிரிக்கவென்றே
கட்டியவன் கட்டடத்தைத் திருப்பிவைத்தான்,
கடலுக்கு முதுகு காட்டி.

மே மாதம் குடியேறினார்கள்.
அனிமேஷன்காரர்கள், மொபைல் கேம் செய்பவர்கள்,
பாட்காஸ்ட்டுக்காகச் சுவரெல்லாம் நுரை ஒட்டிய இருவர்.
இரண்டாம் நாளே எனக்கு போன்:
ஸ்கிரீனில் ஒன்றும் தெரியவில்லை, கண் கூசுகிறது,
மோட்டார் வைத்த கறுப்புத் திரை வேண்டும்.

ஐம்பத்திரண்டு ஜன்னல். நல்ல காசு.
மறுக்கவில்லை.
பட்டனை அழுத்தினால்
காலை பதினொரு மணிக்கு
ஒரே சீராக இரவு இறங்குகிறது.
பிறகு மேசைக்கு விளக்கு கேட்டார்கள்.
அதுவும் போட்டேன்,
பெட்டியில் "பகல் வெளிச்சம்" என்று அச்சடித்த பல்பு.

மூன்றாம் மாடிக் கோடி அறை மட்டும் பாக்கி.
துணிக்குச் சாயம் ஏற்றும் வாசிலிக்கி
ஏணியை வாசலிலேயே மறித்துவிட்டாள்.
ஈரத்துணி இரண்டை ஜன்னலுக்கு நேரே பிடித்து
இதுவா அதுவா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.
முழங்கைவரை மஞ்சள் ஒழுகியது.
"நீங்கள் சொல்லுங்கள், இதில் எது தேன்?"

எனக்கு வயர்களின் நிறம்தான் தெரியும் என்றேன்.
பழுப்பு, நீலம், பச்சையோடு மஞ்சள்.
ஆனாலும் ஏணியைக் கீழே வைத்தேன்.

மழைக்கு முந்தைய காற்று.
தரைப்பலகைகள் ஈரம் குடித்ததும்
மாடியெங்கும் புகையிலை.
கீழே பிளெரிம் தும்முவது கேட்டது,
ஒன்று, இரண்டு.