கண்ணி எண்ணுதல்

ஊசியின் முனையில் ஒரு கொக்கி, அவ்வளவுதான்.
மூன்றரை மில்லிமீற்றர் என்று
அதன் கழுத்தில் வெட்டியிருக்கிறது.
புதுக்குடியிருப்புச் சந்தியில் முந்நூற்றைம்பது ரூபா.
நூல் சிவப்பில்தான் நிறையக் கிடந்தது.
சிவப்பு வேண்டாமண்ணை என்றேன்.
நாள் முழுக்க நாங்கள் நடுகிற கட்டைகளுக்கு
அந்த நிறம்.
கடைக்காரர் ஏணியில் ஏறிப்
பயற்றங்காய்ப் பச்சையில் ஒரு உருண்டை இறக்கினார்,
தூசி தட்டி.

எமில்டாவுக்கு ஏழாம் மாதம்.
நாலாம் மாதமே அவளைப் பாதையிலிருந்து எடுத்துக்
கந்தோரில் வரைபடத்துக்கு நிறம் தீட்ட விட்டார்கள்.
அவளுடைய பாதையில் இப்போது நான்.
ஒரு மீற்றர் அகலம்,
முழங்கால் போகிற வேகம்.

பத்து மணிக்குப் பதினைந்து நிமிஷம் ஓய்வு.
தலைக்கவசத்தைக் கழற்றி, வேர்வை துடைத்து,
யோகமலரின் போனில் இரண்டு கைகளைப் பார்க்கிறேன்.
முகமில்லை. குரலை நாங்களே நிறுத்திவிட்டோம்,
அந்தப் பாஷை விளங்காது.
ஒட்டுசுட்டான் பக்கம் சிக்னல் ஒரு கோடு வரும், போகும்.
கைகள் அந்தரத்தில் உறைந்து நிற்கிற நேரம்
நான் அவற்றை முந்திவிடுவேன்.
பிறகு பிழை.

நடுவில் பத்துச் சங்கிலி.
முனையில் ஒரே ஓட்டைக்குள் மூன்று கண்ணி,
சுற்றி வந்து மறுமுனையிலும் மூன்று.
இப்படித்தான் உள்ளங்கால் நீளும்,
பெருவிரலும் சேர்த்து ஒன்பது சென்ரிமீற்றர்.

கண்ணி என்ற சொல்லை
வாய்க்குள் உருட்டிப் பார்த்துச் சிரித்தாள் யோகமலர்.
"விடிய எடுக்கிறம், பத்து மணிக்குப் போடுறம்."
பொறுப்பாளர் கேளாதவர்போலத் தேத்தண்ணி குடித்தார்.

இங்கே பிழைத்தால் நூலை இழுக்கலாம்.
அது என் கைக்கு விளங்க
இரண்டு கிழமை எடுத்தது.
அதுவரை ஒவ்வொரு கண்ணிக்கும் மூச்சைப் பிடித்து
ஊசியைச் சரித்து, முப்பது பாகையில், விட்டுக்கொண்டிருந்தேன்.
"அது வெடிக்காதடி" என்றாள் எமில்டா.
பிடரி இறுகி, கண்ணி இறுகி,
முதல் சப்பாத்து சிரட்டைபோல் எழும்பி நின்றது.
உருவினேன்.
பச்சை நூல் சுருள் சுருளாய் மடிக்கு வந்தது.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
திரும்பவும் பின்னித் திரும்பவும் உருவினேன்,
தேவையில்லாமல்,
அந்தச் சுகத்துக்காக.

இரண்டாவது முதலாவதைவிடப் பெரிதாய் வந்தது.
எண்ணியது சரி. இதிலும் இருபத்தெட்டு, அதிலும் இருபத்தெட்டு.
கைதான் இளகிவிட்டது.
"ஒண்டு இப்ப போடலாம், மற்றது வளர்ந்தாப்பிறகு"
என்று வாங்கிக்கொண்டாள் எமில்டா.

முப்பத்தொன்றுக்குக் கற்சிலைமடு போனோம்,
பாதையில் வேலைசெய்கிற நாலுபேர்.
சித்திரை வெயிலில் கம்பளி யாருக்கு வேண்டும்?
படம் எடுக்க மட்டும் போட்டுவிட்டாள்.
பெடியனைக் கைமாற்றிக் கைமாற்றிக்
கிணறு காட்டி, கோழி காட்டி, பலாமரம் காட்டிக்
கொண்டுவந்து கிடத்தினால்
சின்னச் சப்பாத்து காலில் இருக்கிறது.
பெரியதைக் காணவில்லை.

யாரும் சொல்லவில்லை.
நாலுபேரும் படலையடியில் வரிசையாய் நின்றோம்,
ஆளுக்கு ஒரு மீற்றர்,
கண்ணை இடமிருந்து வலம் ஓட்டி.
யோகமலர் முழங்காலில் இறங்கியேவிட்டாள்.
கோப்பித் தட்டோடு வந்த எமில்டாவின் மனிசன்
எங்கே கால்வைப்பதென்று தெரியாமல்
அப்படியே நின்றான்.
எமில்டா சிரித்த சிரிப்பில்
தோளில் கிடந்தவன் விழித்து அழுதான்.

கோழிக்கூட்டின் கீழ், விறகடுக்கின் பின்னால்,
வாழைப்பாத்தி எல்லாம்.
நாய்மேல்கூடச் சந்தேகப்பட்டோம்.
ஐந்தரைக்குக் கைவிட்டோம், ஆறுமணிக்கு பஸ்.

அந்த வளவுக்குள் ஒன்று இன்னும் கிடக்கிறது,
பச்சை, ஒன்பதரை சென்ரிமீற்றர்,
எடுக்கப்படாமல்.
யாரும் மிதிக்கலாம்.