வலது கன்னம்

உர உரிமம் புதுப்பிக்க
பாஸ்போர்ட் அளவில் ஆறு படம் கேட்டார்கள்.
பந்தலடி ஸ்டுடியோவில் அந்தப் பையன்
என்னைக் கேட்காமலேயே
என் முகத்தை இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டான்.

"இது யாரும்மா?" என்றார் வேளாண் அலுவலர்.
பெயர் செங்கமலம், வயது ஐம்பத்தாறு,
சுருக்கம் மட்டும் விடுப்பில் போயிருக்கிறது என்றேன்.
சிரிக்கவில்லை. வேறு எடுத்துவரச் சொன்னார்.

இரண்டாவது படத்தில்தான் கவனித்தேன்:
வலது கன்னம் இடதைவிட மூத்தது.

இருபத்தொன்பது வருடமாக
மேல ராஜ வீதியில் கிழக்குப் பார்த்த கடை,
உள்ளே வடக்குப் பார்த்த மேஜை.
எட்டு மணி வெயில் எதிர்மாடியைத் தாண்டி
பில் புத்தகத்தில் பாதி, என்மேல் பாதி விழும்.
தவணையில் வாங்கிய வயதெல்லாம்
ஒரே பக்கத்தில் வரவு.

வெடித்த வயல்போல் முகம் என்று
எழுதத் தோன்றும், கவிதை எழுதுகிறவர்களுக்கு.
வெடித்த வயலுக்கு ஒரு குறையும் இல்லை.
கோடையில் களிமண் வாயைத் திறந்தால்
உள்ளே காற்றுப் போகும்,
அடுத்த நாற்று நன்றாய் வேர் பிடிக்கும்.
என் கன்னத்தில் யாரும் நாற்று நடப்போவதில்லை.
அதனால் மருந்துக்கடைக்குப் போனேன்.

பௌசியா வரிசையாய் எடுத்து வைத்தாள்.
தங்கத் துகள். முத்து. குங்குமப்பூ.
ஒரு டப்பாவில் வைரமே இருந்தது,
எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு வைரம்.
நான் திருப்பிப் பின்பக்கம் படித்தேன்.

யூரியா மூட்டையில் நாற்பத்தாறு என்று போட்டிருக்கும்.
டி.ஏ.பி.யில் பதினெட்டு, நாற்பத்தாறு.
மூட்டையில் சிங்கம் நின்றாலும் சரி, விவசாயி சிரித்தாலும் சரி
நான் விற்பது அந்த எண்களைத்தான்.
இங்கே முதலில் தண்ணீர், அடுத்து கிளிசரின்,
பிறகு மூச்சு வாங்கவைக்கும் பெயர்கள் பத்து,
வாசனைக்கும் அப்புறம்
கடைமடைக்கு வந்து சேர்ந்த தண்ணீர்போல
குங்குமப்பூ.

"ரெட்டினால் எத்தனை சதவீதம்?"
பௌசியா டப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னை.
"அக்கா, இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."
கூத்தாநல்லூர்ப் பெண். டி.பார்ம் படித்தவள்.
வைரத்தை உள்ளே வைத்துவிட்டு
மூலையிலிருந்து ஒரு மெலிந்த ட்யூபை நீட்டினாள்.
படமே இல்லை. பூஜ்யம் புள்ளி மூன்று.
"பட்டாணி அளவுதான். ராத்திரி மட்டும்.
வாரத்துக்கு ரெண்டு தடவை.
பகல்ல சன்ஸ்கிரீன் போடலன்னா இது வேஸ்ட்."

கேட்டேனா?
சீக்கிரம் பச்சை தட்டணும் என்று
ஏக்கருக்கு ஒரு மூட்டை கூடக் கேட்கிறவர்களிடம்
பயிர் சாய்ந்துவிடும், புகையான் வரும் என்று
வாய் வலிக்கச் சொல்கிற நான்
நாலு ராத்திரி தொடர்ந்து பூசினேன்.
ஐந்தாம் நாள் மூக்கோரம் உரிந்தது.
நெல் நுண்ணூட்டம் வாங்க வந்த அமிர்தகடேசன்
"அம்மை போட்டுச்சா?" என்றார்.
மேலுரம் கூடிப்போச்சு என்றேன்.

மூன்று மாதம் ஆகிறது.
மேட்டூர் திறந்து, பாமணியில் தண்ணீர் வந்து,
நடவும் முடிந்துவிட்டது.
சுருக்கம் போகவில்லை.
கன்னத்துப் புள்ளி ஒன்று மட்டும்
பழைய ரசீதின் கார்பன் எழுத்துப்போல் மங்கியிருக்கிறது.
நூற்றுக்கு இத்தனை என்று தெரிந்தால் சொல்வேன்.

நேற்று மூட்டை தூக்கும் செல்லக்கண்ணுவைக் கூப்பிட்டு
மேஜையைத் தெற்குப் பார்க்கத் திருப்பிப் போட்டேன்.
எதுக்கும்மா என்றான்.
முறைப்பாசனம் என்றேன்.
புரியாமல் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனான்.

காலை எட்டு மணி.
இரண்டு விரல் நீளத்துக்கு சன்ஸ்கிரீன் பூசியாயிற்று.
இடது கன்னமே,
உன் பக்கத்து மதகைத் திறக்கிறேன்,
அளவோடு வாங்கிக்கொள்.