மறுமணம், ஆகவே நிறுத்துக

வரவும் செலவும் ஒட்டாத பேரேட்டை
ஒட்டவைக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான்,
திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனியில்.
நூலுக்கு ஒரு பில், சாயத்துக்கு ஒரு பில்,
நடுவில் காணாமற்போன நாற்பது கிலோ.
தேடினால் அகப்பட்டுவிடும். எங்கேயோ ஓர் ஏழை
ஒன்றென்று யாரோ வாசித்திருப்பார்கள்.

அந்தத் தைரியத்தில்தான்
செவந்தியப்பனைத் தேடினேன்.

ஊரில் எங்களுடையது பட்டாளத்தார் வீடு.
பூட்டனார் பாஸ்ராவில் துருக்கியர் ஒன்பது பேரைக்
குத்திச் சாய்த்தார்.
கலியாணப் பந்தியில் அது
பன்னிரண்டு வரைக்கும் போகும்.

நகல் வந்தது.
உயரம் ஐந்தடி மூன்றங்குலம்.
அடையாளம், இடப்புருவத்தில் தழும்பு.
வேலை, கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டுவது.
சாவு, 1917 ஜனவரி, பேதி.
எழுத்தர் அவர் பெயரை மூன்று விதமாக எழுதியிருந்தார்;
கழுதைகளின் எண்களில் ஓர் அடித்தல்கூடக் கிடையாது.

கீழே, மனைவி மதலேனாள். மாதம் நாலு ரூபாய்.
அதற்கும் கீழே, 1919, சிவப்பு மை:
மறுமணம், ஆகவே நிறுத்துக.

ஞாயிற்றுக்கிழமை கருமத்தம்பட்டிக்கு பஸ் ஏறினேன்.
கோயில்பிள்ளை அலமாரியைத் திறந்தார்.
'பூச்சி தின்னது போக மிச்சந்தானுங்க.'
பிரெஞ்சுச் சாமியார் ஒருவரின் சாய்ந்த இலத்தீன்.
தெரிந்தது பெயர்களும் எண்களும்; மீதியை அவர் சொன்னார்.
மே மாதம். மதலேனாள், கைம்பெண்.
சந்தியாகு, கவலை ஓட்டுகிறவன்.
தகப்பன் பெயர் இருந்த இடம்
இராமபாணப் பூச்சியின் வயிற்றில்.
கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவை.
அதன் ஒரு கோடு நீண்டு
பக்கத்துக் கட்டத்துக்குள் போயிருந்தது,
மாடு வரப்புத் தாண்டுகிற மாதிரி.

அப்பாருக்கு ஞானஸ்நானம் 1921.
கழித்துப் பார்த்தேன். விரல்விட்டும் பார்த்தேன்.
செத்து நாலு வருஷம் ஆனவருக்குப் பிள்ளை
எந்தப் பேரேட்டிலும் ஒட்டாது.

அடக்கப் பதிவேடும் அதே அலமாரியில்.
மதலேனாள், 1955.
முப்பத்தாறு வருஷம், மாதம் நாலு ரூபாய்.
ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு.
இவ்வளவையும் அரசாங்கத்திடமே விட்டுவிட்டு
அவள் அந்தச் சிலுவைக்காரனிடம் போயிருக்கிறாள்.
வேறொருவன் பட்டம் தாங்கிய வீட்டில்
அவனும் வாழ்ந்து முடித்திருக்கிறான்.
யாராவது வாசலில் வந்து
'பட்டாளத்தாரே' என்று கூப்பிட்டால்
என்ன செய்திருப்பான்?
திரும்பிப் பார்த்திருப்பான் என்றுதான் தோன்றுகிறது,
மாட்டுக்குத் தவிடு கலக்கிய கையோடு.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.
எனக்கே அந்தப் புருவத் தழும்பு
கொஞ்சம் தேவைப்பட்டிருக்கிறது.
கண்ணாடியில் அடிக்கடி
இடது பக்கத்தைத் தடவியிருக்கிறேன்.

நேற்று ரேஷன் கடையில்,
'பட்டாளத்தார் ஊட்டு அட்டைங்களா?'
'ஆமாங்க.'
எந்திரத்தில் கட்டைவிரலை வைத்தேன்.
ஒட்டவில்லை.
'தொடச்சிட்டு வைங்கக்கா,
சிலசமயம் இப்படித்தான்.'