ஏழு பாகை

வரைபடத்தில் இந்தக் கம்பம் ஒரு பச்சைப் புள்ளி.
புள்ளியைச் சுற்றி நீல வட்டம்.
வட்டத்துக்குள் நிற்பவர் எல்லோரும் இணைந்தவர்.
கொழும்பிலிருந்து வந்த கடதாசி அப்படித்தான் சொல்கிறது.
கடதாசிக்குத் திருகோணமலையின் உப்புக்காற்றைத் தெரியாது.

பதினேழாம் கம்பத்தில் நிற்கிறேன்,
இடுப்பில் பட்டி, வாயில் இரண்டு திருகாணி.
கீழே ஏணியைப் பிடித்தபடி கிளெமென்ட்.
எட்டு மாதத்தில் இது மூன்றாவது பெட்டி.
திறந்தால்
பச்சை பூத்த செம்பு, இரண்டு பல்லி முட்டை,
சாயத்தண்ணிபோல் வடிந்த துரு.
"கடல் குடிச்சிட்டுது" என்கிறான் கிளெமென்ட்,
சொந்தக்காரன் ஒருவன் கெட்டுப்போனதைச் சொல்லுமாப்போல.

போன கிழமை ஒரு மான்
கொம்பைத் தேய்த்துத் தேய்த்து
நிலத்துக்கு இறங்கும் கம்பியை அறுத்துவிட்டது.
படிவத்தில் 'சேதம் விளைவித்தவர்' என்ற இடத்தில்
புள்ளிமான் என்று எழுதினேன்.
அடையாள அட்டை இலக்கம் இல்லையென்று
திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

மேலே ஏறினால்தான் தெரிகிறது
நீல வட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று.
யாரும் குந்தாத நாலு சீமெந்து வாங்கு.
ஹோட்டல் மதில். அவர்களுக்கு அவர்களின் இணைப்பு இருக்கிறது.
மிச்சமெல்லாம் கடல்.
மீனுக்கு இவ்வளவு வேகம் எதற்கு?

மதகுக்கு அந்தப் பக்கம், வட்டத்துக்கு வெளியே,
ஐஸ் லொறிக் கணக்கெழுதும் றமீஸா
கைபேசியை வானத்துக்கு நீட்டியபடி நிற்கிறாள்.
மகனின் பரீட்சை அனுமதி அட்டை
பாதி இறங்கி, சுற்றிக்கொண்டே இருக்கிறது.
அவளைத் தாண்டித் திருக்கடலூர் ஒழுங்கைகள்.
அங்கே கனகசூரியம் வள்ளம் தள்ளுவது மூன்று மணிக்கு.
காற்று எப்படியென்று சொல்லும் பக்கம்
திறப்பது ஐந்துக்கு:
மின்கலம் தாங்கவேண்டுமென்று
பதினொன்றுக்கே வலையமைப்பைத் தூங்கவைக்கிறோம்.
அவர் இன்னும் மூக்கால்தான் காற்றைப் படிக்கிறார்.
மூக்கு எப்போதும் சரியாகச் சொல்வதில்லை.

அன்று பின்னேரம்
ஒருவரையும் கேட்காமல்
அன்டெனாவை ஏழு பாகை திருப்பினேன்.
பதினொன்றுக்குப் பிறகு விளக்கின் வெளிச்சத்தில்
மூன்றிலொன்றைக் குறைத்தேன்;
மிஞ்சிய மின்சாரத்தை இரண்டரை மணிக்கு எழுதினேன்.
கிளெமென்ட் ஏணியைப் பிடித்தபடி
வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.
நல்ல மனிதன்.

மாத அறிக்கையில் பதினேழாம் கம்பம்
எல்லாக் கம்பத்தையும் முந்திவிட்டது.
பொறியியலாளர் விஜேதுங்க எடுத்தார்:
"என்ன செய்தது அங்கே?"
கச்சான் திருப்பியிருக்கும், சேர்.
சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.
அடுத்த கூட்டத்தில் எங்கள் கம்பத்தின் படத்தைக் காட்டி
'சூரிய ஒளியில் இயங்கும் நாளைய நகரம்' என்றார்களாம்.

இது இங்கே முடிந்திருந்தால் நல்லது.

நேற்றிரவு ஹோட்டல் மதிலோரம்
காவல் உடுப்பில் ஒருவர் வழிமறித்தார்.
தியாகு. பண்டாரவளைக்கு மேலே ஒரு தோட்டம்.
"அக்கா, ரெண்டு வாரமா நெட்டு வரமாட்டேங்குது.
மூணாவது பெஞ்சில ஒக்காந்து
புள்ள மொகத்தப் பாப்பேன்.
உள்ள இருக்கிறது கெஸ்டுங்களுக்கு மட்டுந்தான்.
அது நடக்கத் தொடங்கிருச்சாம்."

நான் பகலில்தான் ஏறுகிறேன்.
பகலில் அந்த வாங்கில் யாரும் இல்லை.
கொழும்புக் கடதாசியைத் திட்டினேனே,
நான் வரைந்ததும் ஒரு கடதாசிதான்.

இன்று மறுபடி ஏணி.
கிளெமென்ட் ஒன்றும் கேட்கவில்லை.
உப்பு அதற்குள் ஆணியின் தலையில் குடியேறிவிட்டது.
சாவியை வைத்து, கையை நிறுத்தி,
இடப்பக்கம் றமீஸாவின் மதகைப் பார்க்கிறேன்,
வலப்பக்கம் வெயிலில் காயும் மூன்றாவது வாங்கை.

ஏழில் இரண்டைத் திருப்பிக் கொடுத்தால்
கனகசூரியத்தின் ஒழுங்கையில்
எந்த வீட்டோடு அறுந்துபோகும்?

"சொல்லுங்கோ" என்கிறான் கிளெமென்ட் கீழிருந்து,
"வெயில் சுடுது."