நாற்பத்தேழாம் வரி

செக்காலை ரோட்டில்
மருந்துக் கடைக்கு மேல் மாடி.
இரவு பதினொன்றுக்குக் கீழே ஷட்டர் இறங்கியதும்
என் வேலை தொடங்கும்.
திரையில் ஒரு கறுப்புச் செவ்வகம்,
அதில் துடிக்கும் ஒரு கோடு.
படம் இல்லை, பொத்தான் இல்லை,
"நிச்சயமா?" என்று கேட்கும் பெட்டி இல்லை.
சொன்னதைச் செய்யும்.
சொன்னதை அப்படியே செய்யும் என்பதில்தான்
எல்லா வில்லங்கமும்.

முதல் மாதம் எதையும் மாற்றவில்லை,
வாடகை வீட்டில் ஆணி அடிக்கத் தயங்குவதுபோல.
பிறகு எழுத்தின் அளவு: பதினொன்று, பதின்மூன்று,
கண்ணாடி மாற்றியபின் பதினான்கரை.
பிறகு பூஜ்யத்தின் வயிற்றில் புள்ளி வைக்கும் ஒரு ஃபான்ட்;
பூஜ்யத்தை ஓ என்று படித்து
ஓர் இரவைத் தொலைத்ததற்குப் பரிகாரம்.
கர்சர் துடிப்பதை நிறுத்தினேன்.
சீக்கிரம் சொல், சீக்கிரம் சொல் என்று
காலாட்டிக்கொண்டே இருந்தது அது.

பள்ளத்தூரிலிருந்து வேலை பார்க்கும் விசாலம்
ஒரு வண்ணத் தொகுப்பு அனுப்பினாள்.
ஆத்தங்குடிக் கல்லின் நிறங்களாம்:
செங்காவி, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள்.
போட்டேன்.
பதிவுகள் ஆயிரம் வரி ஓடியபோது
தரை எழுந்துவந்து முகத்தில் அடித்தது.
மறுநாளே கழற்றிவிட்டேன்.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

தமிழ்தான் பெரிய பாடு.
இந்த ஜன்னலில் எழுத்துக்கு ஒரு கட்டம்.
ஆங்கிலம் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்காரும்.
கோட்டையூர் கிளையின் பெயரோ
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக
பஸ் மோதியவர்போலக் கிடக்கும்.
அழித்தால் பாதி போகும்,
மீதி ஆவியாக நிற்கும்.
மூன்று ஃபான்ட் மாற்றி, நிரலையே வேறாக்கி,
ஒரு விடியலில் அது கோட்டையூர் ஆனது.
கை தட்ட ஆளில்லை.
பால் வண்டிக்காரர் கீழே ஹாரன் அடித்தார்,
வேறு யாருக்கோ.

சரி, நாற்பத்தேழாம் வரி.

போன ஐப்பசி, மழை.
இரண்டு ஜன்னல் திறந்திருந்தன,
ஒன்று ஒத்திகை சர்வர், ஒன்று அசல்.
இரண்டும் கறுப்பு. இரண்டிலும் அதே கோடு.
கரண்ட் போய் வந்தது, இன்வெர்ட்டர் உறுமியது,
ஒத்திகையில் அழிக்க வேண்டியதை
அசலில் அழித்தேன்.
நகைக்கடன் கணக்கு,
ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று வரி.
யாருடைய வளையல், எத்தனை கிராம்,
எந்தத் தேதியில் மீட்பதாகச் சொன்னார்கள்,
எல்லாம்.
ஜன்னல் ஒன்றும் சொல்லவில்லை.
வேலை முடிந்துவிட்டால் அது பேசாது.
அடுத்த வரிக்குப் போய்க் காத்திருந்தது.

முந்தைய நாள் நகலிலிருந்து மீட்க
காலை ஏழரை ஆயிற்று.
அன்று பகலில் வைத்த இருபத்தாறு நகைகளை
கிளைகள் ரசீது பார்த்து மறுபடி ஏற்றினார்கள்.
சேவுகன் சார் போனில் கேட்டார்:
"எது எந்த ஜன்னல்னு எப்படிம்மா தெரியும்?"
தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.
திட்டியிருக்கலாம்.

அசல் சர்வருக்குள் நுழைந்தால்
பின்னணி சிவப்பு. அதுதான் அந்த வரி.
அழகான சிவப்பு இல்லை.
வாணலியில் வற்றல் கருகத் தொடங்கும்போது வருமே,
இருமலுக்கு ஒரு நொடி முந்திய நிறம்.
என் பெயர் சிகப்பி.
விசாலம் சிரித்தாள், சார் சிரித்தார்.
சிரிக்கட்டும்.
அந்த நிறத்தில் என் விரல்கள்
ஈரத் தரையில் நடப்பதுபோல நடக்கின்றன.

அதற்கு மேல் ஒரு குறிப்பு உண்டு.
முன்னால் வேலிக்குறி போட்டிருப்பதால்
இயந்திரம் படிக்காமல் தாண்டிப் போகும்.
நான் மட்டும் தாண்டுவதில்லை:

# உள்ளே நகை இருக்கு. மெதுவா.