போன கார்த்திகையில் பார்த்து வைத்த இடம்

கடுக்காய் பொறுக்கப் போனபோது கண்ணில் பட்டது.
ஓடை இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் திட்டில்
சாம்பல் நிறத்தில் உவர்மண்,
நக்கி நக்கி அண்டா அகலத்துக்குக் குழிந்திருந்தது.
சுற்றிலும் குளம்பு.
ஒன்றில் என் நாலு விரலையும் வைத்துப் பார்த்தேன்,
இன்னும் இடமிருந்தது.
பக்கத்து மருதில் என் நெஞ்சுயரத்துக்குப் பட்டை உரிந்து
கொம்பு தேய்த்த ஈரம் காயவில்லை.
என் கையில் சாக்குப்பை மட்டும்.

புளியரையில் எடைமேடை என் வேலை.
வைக்கோல் லாரி, முட்டை லாரி, எம்-சாண்ட்,
ஏறி நின்றதும் எண்ணைச் சொல்லிவிடுவேன்,
மிஷின் பிறகு ஒத்துக்கொள்ளும்.
அந்த மிளாவைப் பார்க்காமலே எடை போட்டேன்:
இருநூற்று நாற்பது.
கொம்போடு.

ஒரு வருஷம் யாரிடமும் மூச்சு விடவில்லை,
மாசானத்திடம்கூட. அவனிடம்தான் துப்பாக்கி.
பன்றிக்கு என்று சொல்லி வாங்கினேன்,
ஒரு தொடை அவனுக்கு என்று பேச்சு.
எதன் தொடை என்று அவனும் கேட்கவில்லை.

வீட்டில், தென்காசியில் கல்யாணம் என்றேன்.
"கல்யாணத்துக்கு யாராவது டார்ச் கொண்டு போவாகளா?"
என்றாள் செண்பகவல்லி.
பேட்டரியை மாற்றிக் கொடுத்தாள்.

மேக்கரை தாண்டி, அணைக்கு மேலே,
அட்டைக்காகப் புகையிலை தேய்த்த காலோடு ஏறினேன்.
எல்லைக்கல் சாய்ந்து கிடந்தது, யானையாக இருக்கும்.
ஓடை அங்கேயே பிரிந்தது, அங்கேயே சேர்ந்தது.
உவர் இன்னும் ஒரு சாண் ஆழம் போயிருந்தது.
வயிற்றுக்குள் ஏதோ துள்ளியது.

அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தேன்.
வேங்கை மரத்தில் பரண்.

மூணு மூங்கில், தென்னங்கயிறு.
காற்று மேற்கிலிருந்து இறங்கும் என்று தெரிந்தவன்
உவருக்குக் கிழக்கே, மேற்குப் பார்த்துக் கட்டியிருந்தான்.
நான் ஒரு வருஷமாக மனசுக்குள் கட்டியதும்
அதே மரத்தில்தான். அதே கிளையில்.
கீழே பீடித் துண்டுகள், சிவப்பு நூல்.
நம்ம பக்கத்துப் பீடிக்குக் கறுப்பு.

வெட்டிச் சாய்க்கத்தான் அரிவாளை எடுத்தேன்.
இடது முடிச்சு தளர்ந்திருந்தது.
ஏனென்று தெரியவில்லை, அதை இறுக்கினேன்.
இறுக்கியபின் ஏறி உட்காராமல் எப்படி?

மருந்து கிட்டித்த குழல் மடியில்.
ஒன்பது, பத்து, தவளை ஓய்ந்து, மறுபடி தவளை.
இரண்டு மணிக்குமேல் ஓடையில் ஒரு கல் புரண்டது.
பிறகு ஒன்று.
இருட்டில் ஓர் எடை நகர்ந்தது.
நான் போட்ட கணக்கு தப்பு,
இன்னும் இருபது கிலோ கூட்ட வேண்டும்.

ட்டாங்ங்!
தகர டின்னில் அறைந்ததுபோல் ஒரு குரல்.
முன்னங்காலால் தரையை உதைத்தது,
ஈற்றங்காடு முழுக்க முறிந்துகொண்டே போனது.
என் வாடைதான் என்று நினைத்தேன்.
இல்லை. கீழே, ஓடையோரம்,
ஒரு டார்ச் தாமதமாக அணைந்தது.

"ஆரா?"

ஃபாரஸ்ட்காரன் இப்படிப் பயந்துபோய்க் கேட்க மாட்டான்.
"நான்தான்," என்றேன், அவனுக்கு என்னைத் தெரியும்போல.

இறங்கினேன். அவனிடமும் குழல். பழசு.
"உங்க பரணா?"
"என்டெ அல்ல," என்றான் உடனே.
"எனதும் இல்லை."
இருவரும் சேர்ந்து மேலே பார்த்தோம்,
யாரோ மூன்றாமவன் வைத்துவிட்டுப் போனதுபோல.

விடியும்வரை எங்கே போக?
வாழையிலையில் கப்பையும் மீனும் வைத்திருந்தான்.
அச்சன்கோவில் பக்கமா என்று கேட்கவில்லை,
புளியரையா என்று அவனும் கேட்கவில்லை.
பீடி நீட்டினான். நூல் சிவப்பு.

வெளுத்ததும் எழுந்து முண்டை உதறினான்.
"இவிடெ ஒந்நுமில்லா. வெறுதே."
"ஆமா, இங்க என்ன கிடக்கு? அட்டைதான்."
சொல்லும்போது எங்கள் நடுவே
ஒரு புதுத் தடத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.
தெரியாமல் வைப்பவன்போல அதன்மேல் செருப்பை வைத்தான்.
அவன் திரும்பியதும் இன்னொன்றை நான் மிதித்தேன்.

வீட்டுக்கு வந்தேன்.
துப்பாக்கி வைக்கோலுக்குள் போனதை அவள் பார்க்கவில்லை,
அல்லது பார்த்தாள்.

"கல்யாணச் சாப்பாடு எப்படி?"
"கப்பையும் மீனும்," வாய் தவறிவிட்டது.
"மாப்பிள்ளை மலையாளமோ? வந்தாரா?"

வாசல்வரைக்கும், என்றேன்.