கத்தரிப்பூ

"யக்கா, என் சேலை கத்தரிப்பூக் கலருல்லா,
டிவில பீட்ரூட் பொரியல் மாதிரி தெரியுது"
என்றாள் பேட்டை ஆவுடைச்செல்வி,
தாலி ஏறிப் பதினேழாம் நாள்.
என் லேப்டாப்பில் அது கத்தரிப்பூவாகத்தான் இருந்தது.
மறுபடி பார்த்தேன். கத்தரிப்பூதான்.
அன்றைக்குத்தான் முதன்முறையாக
திரையைச் சந்தேகித்தேன்.

நாகர்கோவில் லிபினிடம் கெஞ்சி
நிறமானியை இரவல் கேட்டேன்.
பஸ் பார்சலில் வந்தது,
முறுக்கு டப்பாவுக்குள், பழைய பனியன் சுற்றி.
"ஞாயித்துக்கெழம திருப்பி அனுப்பிரணும்."

வண்ணார்பேட்டை மாடி அறையின் சுவர்
பிஸ்தாப் பச்சை, வீட்டுக்காரர் ரசனை.
அந்தப் பச்சையும் கண்ணில் கலக்கும் என்று
டவுனில் மூன்று மீட்டர் சாம்பல் யூனிஃபார்ம் துணி
எடுத்துவந்து ஆணியடித்தேன்.
"எந்தப் பள்ளிக்கூடம்மா?" என்றார் கடைக்காரர்.
சுவருக்கு என்று சொல்லவில்லை.

ஜன்னல் அடைத்து, ட்யூப்லைட் அணைத்து,
வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை முடக்கி,
இரவானால் திரை மஞ்சளாகும் அந்தக் கரிசனத்தையும் முடக்கி,
அரை மணி நேரம் சூடேற விட்டேன்.
ஃபேன் போட்டால் ஒயர் ஆடுகிறது.
வேர்வையோடு உட்கார்ந்தேன்.

திரையின் நடுவில்
அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது நிறமானி.
அதற்கு அடியில்
சிவப்பு, கொஞ்சம் குறைந்த சிவப்பு,
பச்சை, நீலம்,
பிறகு சாம்பல், சாம்பல், சாம்பல்,
கருப்புக்கு இறங்கும் படித்துறையில்
ஒவ்வொரு படியாக.
பதினெட்டாவது சாம்பலில் கரண்டு போனது.
பேட்டரிக்கு மாறிய திரை
சிக்கனமாகக் கொஞ்சம் மங்கியது.
முதலிலிருந்து.

ஒன்றேகால் மணிக்குப் புதிய வெள்ளை வந்தது.
வெள்ளையா அது?
ஆறிப்போய் ஆடை கட்டிய வடிகஞ்சி.
எண் சொல்கிறது: ஆறாயிரத்து ஐந்நூறு, இதுதான் வெள்ளை.
லிபினை எழுப்பிக் கேட்டேன்.
"பத்து நிமிஷம் பாத்துட்டே இருங்க,
கண்ணு சம்மதிச்சிரும்."
ஒன்பதாவது நிமிஷம் சம்மதித்தது.
அது எனக்குப் பிடிக்கவில்லை.
இவ்வளவு லேசில் கட்சி மாறுகிற கண்ணை வைத்தா
நாலு வருஷம் சம்பாதித்தேன்?

பழைய வெள்ளையை ஒருதரம் திரும்ப வரவழைத்தேன்:
சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி.
அந்தக் குளிருக்கு ஈடுகட்டத்தான்
அள்ளி அள்ளி மஞ்சள் போட்டிருக்கிறேன்.
நாற்பத்தொரு கல்யாணம்.
மாப்பிள்ளை, பெண், பந்தியில் குனிந்திருந்த சித்தப்பா,
எல்லாருக்கும் லேசான காமாலை.
எத்தனை வீட்டுக்குக் கீழாநெல்லி கொடுத்தனுப்ப?

ஆவுடைச்செல்வி சேலையைச் சரிசெய்தேன்.
கூடவே முகமும் அவள் முகமாயிற்று,
கறுப்பு, நெற்றியில் வியர்வை.
மாமியாரின் வாய்ஸ் மெசேஜ் இன்னும் கிடக்கிறது:
"பொண்ணு மூஞ்சிய மட்டும் ரெண்டு பாயிண்டு ஏத்திருங்க."
நிறமானியில் அதற்கு அளவு இல்லை.
ஏற்றாமல் அனுப்பினேன்.
இதுவரை பதில் இல்லை.

ஞாயிறு காலை புது பஸ் ஸ்டாண்டில்
பார்சல் போட நின்றபோது
கத்தரிப்பூச் சேலையில் ஒருத்தி
வெயிலைக் கடந்து வந்தாள்.
பச்சைத் தகடு வேய்ந்த நிழலுக்குள் நுழைந்ததும்
சேலை வேறு.
பாபநாசம் வண்டி எது என்று கேட்டாள்,
ஏறினாள், போனாள்.
யாரும் அவளுக்கு ஃபோன் போடவில்லை.

ரசீதில் எழுதித் தந்தார் பார்சல்காரர்:
முறுக்கு, ஒரு டப்பா.